மைனஸைத் தொலைத்த கோச்

டெக்சஸ் மாநிலத்தில் ஆலன் என்ற ஊரில் இருக்கும் தமிழர்களுக்கு நடுவில் எனக்கென்று ஒரு தனி இடம் உண்டு. ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்து எடுத்துவரும் பாட்லக் விருந்தில் யாராவது புதிதாக வந்து, "நீங்க எங்க வொர்க் பண்றீங்க?" என்று கேட்பார்கள். "கம்யூனிட்டி காலேஜ்ல மேத்ஸ் எடுக்கறேன்" என்பேன். உடனே அவர்கள் முகத்தில் ஒரு கனிவு வரும். ரத்த தானம் செய்கிறவர்களைப் பார்க்கும்போது வருமே, அந்த மாதிரி. "ஓ, சோ நைஸ்! வாலன்டியரிங்கா?" என்று ஒரு ஆன்ட்டி கேட்டார். இல்லை, சம்பளம் தருகிறார்கள் என்றேன். அவர் நம்பிய மாதிரித் தெரியவில்லை. என் தட்டில் இன்னொரு வடையை வைத்தார்.

எங்களுடையது இரண்டு வருடக் கல்லூரி. பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போக மார்க் போதாதவர்கள், பிள்ளை பெற்றுவிட்டுப் படிக்க வந்தவர்கள், இரண்டு வேலை பார்த்துவிட்டு வகுப்பில் வந்து தூங்குகிறவர்கள் எல்லாம் வருவார்கள். அவர்களுக்கு நான் காலேஜ் அல்ஜீப்ரா நடத்துகிறேன். பெயர்தான் காலேஜ் அல்ஜீப்ரா. நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் டியூஷனுக்கு சைக்கிள் மிதித்துக்கொண்டே மனதுக்குள் போட்டுவிடும் கணக்கு. இதை நான் பாட்லக்கில் சொல்வதில்லை. ஏற்கெனவே கிடைக்கும் மரியாதையே போதும்.

இப்படிப்பட்ட கல்லூரிக்கு நூலகத்தைவிடப் பெரிய பேஸ்பால் மைதானம் உண்டு. அணிக்கு ஒரு கோச். ஐம்பத்தெட்டு வயது. கல்லூரிக்குள் நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய பழைய படம் ஒன்று இருக்கும். அடர்ந்த மீசை, கையில் பந்து, வெயிலில் சுருங்கிய கண். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு ஒரு தொழில்முறை அணி அவரை ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டதாம். எட்டு வருடம் கீழ்மட்ட லீக்குகளில் பஸ் பஸ்ஸாகச் சுற்றியிருக்கிறார். பிறகு ஒரு செப்டம்பரில் மேல்மட்ட லீக்குக்குக் கூப்பிட்டார்கள். அங்கே பதினோரு நாள் இருந்தார். மூன்று ஆட்டத்தில் பந்தெறிந்தார். அப்புறம் தோள் போயிற்று. அப்புறம் எங்கள் கல்லூரி. இருபத்தாறு வருடமாக எங்கள் கோச்.

அந்தப் பதினோரு நாளைப் பற்றி எங்கள் ஊழியர்கள் நிலாவுக்குப் போய் வந்தவரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள். நான் வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடுகிறவர். திங்கட்கிழமைகளில் வெந்நீர் ஒத்தடம் வைத்துக்கொள்கிறவர்.

"மொத்தமே மூணு மேட்ச்சா?" என்று சிரித்தார். "நானே சென்னை லீக்ல பதினாலு மேட்ச் ஆடியிருக்கேன்."

"எந்த டிவிஷன்?"

"அது எதுக்கு இப்ப?"

ஐந்தாவது டிவிஷன்.

கோச் என் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு விதியால். தலைவிதி அல்ல, நிர்வாக விதி. கல்லூரியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வந்த குழு, முழுநேர வேலையில் இருக்கும் எல்லோரிடமும் குறைந்தது ஒரு இரண்டு வருடப் பட்டமாவது இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனது. கோப்புகளைப் புரட்டினார்கள். நூற்றுக்கணக்கான பையன்களை "ஒழுங்கா கிளாஸுக்குப் போ" என்று துரத்திய கோச்சிடம் பட்டம் கிடையாது என்பது இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு தெரியவந்தது. இத்தனைக்கும் அவர் அவ்வப்போது பெரும்பாலான பாடங்களை எழுதி முடித்திருந்தார். பாக்கி இருந்தவை இரண்டோ மூன்றோதான். அதில் ஒன்று காலேஜ் அல்ஜீப்ரா. அதில் அவர் ஏற்கெனவே மூன்று முறை சேர்ந்து, மூன்று முறையும் பாதியில் விலகியிருந்தார். மே மாதத்துக்குள் அல்ஜீப்ராவை முடித்தால் வேலை தங்கும், அந்த மே விழாவிலேயே மேடையும் ஏறலாம், மீதிப் பாடங்களை அடுத்த வருடம் முடித்துக்கொள்ளலாம் என்று டீன் சொல்லிவிட்டார்.

ஜனவரி முதல் வகுப்பில் கடைசி வரிசையில் அவருடைய அணிப் பையன்கள் ஆறு பேர் வழக்கம்போல் காலை நீட்டிச் சரிந்து கிடந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு கோச் வந்தார். தொப்பியைக் கழற்றினார். "குட் மார்னிங், மேம்" என்றார். முதல் வரிசையில் என் மேசைக்கு நேர் எதிரே உட்கார்ந்து, சீவிய பென்சில்கள் இரண்டை எடுத்து வைத்தார். பின்னால் ஆறு முதுகெலும்புகள் நிமிர்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. என் பணிக்காலத்தில் வேறு எந்த வகுப்பிலும் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை.

முதல் தேர்வில் முப்பத்தொன்று வாங்கினார். பின்வரிசைப் பையன்களில் ஒருவன் எண்பத்தொன்று. அவனை அன்று மாலை மைதானத்தைச் சுற்றி ஓட விட்டாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

அவருடைய பிரச்சினை விசித்திரமானது. முறை தெரியும். எந்தச் சூத்திரம் என்று தெரியும். ஆனால் ஒரு வரியில் எழுதிய மைனஸ் குறியை அடுத்த வரிக்குக் கொண்டுபோக மாட்டார். வழியில் எங்கேயோ விட்டுவிடுவார். ஒவ்வொரு கணக்கிலும் ஒரு மைனஸ் காணாமல் போகும். விடை தப்பாகும். அப்புறம் அந்தத் தப்பான விடையை மிகச் சரியான முறையில் கடைசிவரை இழுத்துப்போய், அழகாகக் கட்டம் போட்டு முடிப்பார்.

காலை ஏழரைக்கு, பயிற்சி முடிந்த கையோடு, ஷூவில் செம்மண்ணோடு என் அறைக்கு வர ஆரம்பித்தார். என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. பெருமையோடு சொல்கிறேன், அதை நானே கண்டுபிடித்ததாக நினைத்தேன். விளையாட்டுக்காரருக்கு விளையாட்டை வைத்தே கணக்கைச் சொல்லிக்கொடுப்பது! பந்தெறிபவர் எதிரணிக்குச் சராசரியாக எத்தனை ஓட்டம் விட்டுக்கொடுத்தார் என்று பேஸ்பாலில் ஒரு கணக்கு உண்டு. முந்தின நாள் இணையத்தில் உட்கார்ந்து அவருடைய எண்ணைத் தேடி எடுத்திருந்தேன். இரண்டு இலக்க எண். அதைப் பலகையில் எழுதி, "இத ஒரு ஈக்வேஷனா எழுதலாம், பாருங்க" என்று கண்கள் மின்னத் திரும்பினேன்.

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசுவது டெக்சஸ் இழுவை ஆங்கிலம். நான் வீட்டில் போய்ச் சொன்ன விதத்திலேயே இங்கே எழுதுகிறேன்.

"மேம், அத அழிச்சிடுங்க."

"ஏன்? நல்ல எக்ஸாம்பிள்தானே?"

"அந்த நம்பரப் பாத்தா எனக்குக் கணக்கு வராது."

நல்ல பந்தெறிபவருக்கு அந்த எண் ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டுமாம். அதுவும் மூன்று, நான்கு என்று. முப்பது வருடத்துக்கு முந்திய மனிதனின் மூன்று மோசமான நாள்களைத் தேடி எடுத்து, பாடம் என்ற பெயரில் அவர் முகத்துக்கு நேரே எழுதியிருந்தேன். அழித்தேன். அதன் பிறகு நாங்கள் ரயில், தண்ணீர்த் தொட்டி, கலவைப் பால் என்று யாருக்கும் வலிக்காத கணக்குகளையே போட்டோம்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை அவருடைய அணி ஆடுவதைப் பார்க்கப் போனேன். கணவரும் வந்தார். வராமல் இருந்திருக்கலாம். முதல் பந்தை எறிந்ததுமே, "இது என்னது, மாங்கா அடிக்கறான்! நம்ம ஊர்ல நோ-பால் குடுத்திருவாங்க" என்றார். பக்கத்தில் இருந்த ஒரு பையனின் அம்மா, தமிழ் தெரியாததால், அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். கணவரும் சிரித்தார். அதன் பிறகு ஏழு இன்னிங்ஸுக்கு எனக்கு மட்டும் தனி வர்ணனை.

ஐந்தாவது இன்னிங்ஸில் எங்கள் பந்தெறியும் பையனை எதிரணி துவைத்து எடுத்தது. கோச் தன் இடத்திலிருந்து எழுந்து, பந்தெறிகிறவர் நிற்கும் நடு மேட்டுக்கு நடந்து போனார். அவசரமே இல்லை, கடைக்குப் பால் வாங்கப் போகிறவர் மாதிரி நடந்தார். பையனிடம் பந்துக்காகக் கையை நீட்டினார்; ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார் என்று அர்த்தம். பையன் பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். இருவரும் ஒரு வார்த்தையும் பேசியதாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அறைக்கு வந்தபோது கேட்டேன். "ஆறுதலா ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"என்னை வெளிய அனுப்புன அன்னிக்கு மேனேஜர் ரொம்ப நேரம் ஆறுதல் சொன்னாரு, மேம். நிறைஞ்ச ஸ்டேடியம். எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

"என்ன சொன்னார்?"

"ஒரு வார்த்தை ஞாபகம் இல்ல. அவர் வாயில வெங்காய வாசனை. அது மட்டும் இருக்கு."

ஏப்ரல் கடைசியில் டீன் என்னைக் காபி குடிக்கக் கூப்பிட்டார். அவர் காபி குடிக்கக் கூப்பிட்டால் காபி இருக்காது. "நீங்கள் எவ்வளவு சிறந்த ஆசிரியை என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்று ஆரம்பித்தார். ஆபத்து என்று புரிந்தது. "கோச் விஷயத்தில் கொஞ்சம் நெகிழ்வாக இருக்கலாமே" என்று முடித்தார். மார்க் போடு என்று அவர் சொல்லவில்லை. அமெரிக்காவில் யாரும் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள். நெகிழச் சொல்வார்கள். நெகிழ்ந்து மாட்டிக்கொண்டால், நீயாகத்தானே நெகிழ்ந்தாய் என்பார்கள்.

இறுதித் தேர்வு முடிந்தது. தேர்ச்சிக்கு எழுபது வேண்டும். எல்லாத் தேர்வுகளையும் கூட்டிச் சராசரி பார்த்தால் அவருக்கு அறுபத்தாறு. முப்பத்தொன்றில் ஆரம்பித்தவர் கடைசித் தேர்வில் எழுபத்தெட்டு எடுத்திருந்தார். ஆனாலும் மொத்தம் அறுபத்தாறுதான்.

நான் வளர்ந்தது தொண்ணூற்றொன்பது வாங்கிக்கொண்டு போனால் "அந்த ஒரு மார்க் எங்க?" என்று கேட்கும் வீட்டில். மார்க் போடும் இடத்தில் உட்கார்ந்தபோது எனக்கும் அதே குணம் வந்திருந்தது. இருந்தும் அவருடைய விடைத்தாள்களை எல்லாம் நான்கு தடவை திருத்தினேன். நான்கு மார்க்கைத் தேடி, முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை எல்லாவற்றையும் புரட்டினேன். ஒரே ஒரு மார்க் கிடைத்தது. நடுவில் வைத்த ஒரு தேர்வின் ஏழாவது கணக்கில் ஒரு படிக்கு நான்தான் போட மறந்திருந்தேன். அதைச் சேர்த்துச் சராசரியை முழு எண்ணாக்கினால், அறுபத்தேழு.

"மூணு மார்க்குக்காக ஒரு மனுஷனோட வேலையவே எடுப்பியா?" என்றார் கணவர். அவருக்கு இதற்குள் கோச் மீது பெரிய பாசம் வந்திருந்தது. "நம்ம பசங்களுக்கு ரெண்டு மார்க் தூக்கிப் போடாத டீச்சர் உண்டா?"

"வகுப்புல இன்னொரு பொண்ணு இருக்கா. அவளும் அறுபத்தேழு. அவ வேலை ஒரு கிடங்குல பெட்டி தூக்கறது. அவளுக்காக யாரும் என்னைக் காபிக்குக் கூப்பிடல."

அவர் ஒத்தடப் பையை எடுத்துக்கொண்டு போனார். நான் ஜெயித்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் கோச்சை அறைக்கு வரச் சொன்னேன். ஆறுதல் சொல்லக் கூடாது, தாளை மட்டும் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அவர் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். எவ்வளவு முன்னேறியிருக்கிறீர்கள், முப்பத்தொன்றிலிருந்து எழுபத்தெட்டு என்றால் சும்மாவா, மார்க் என்பது மனிதனின் அளவுகோல் அல்ல... என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்த முடியவில்லை. காலையில் வெங்காயச் சட்னி சாப்பிட்டிருந்தேன் என்பது வேறு நடுவில் ஞாபகம் வந்தது.

அவர் பொறுமையாகக் காத்திருந்தார். "எவ்வளவு, மேம்?" என்றார்.

"அறுபத்தேழு."

தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். டீன் பேசியதை அவர் அறிந்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏனென்றால் அடுத்து அவர் சொன்னது இது:

"ஒன்பதாவது படிக்கறப்ப அல்ஜீப்ரா டெஸ்ட்டே நான் எழுதல. வாத்தியார் எழுபது போட்டுட்டாரு. வெள்ளிக்கிழமை மேட்ச் இருந்துச்சு."

"அப்புறம்?"

"மேட்ச்ல ஜெயிச்சோம்."

பென்சில்களை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தொப்பியை மாட்டி, "தேங்க் யூ, மேம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெருந்தன்மையான மனிதர் என்று நான் நெகிழ்ந்து ஜன்னல் பக்கம் போனேன். கீழே பார்க்கிங்கில் அவர் தன் பிக்கப் டிரக்கின் டயரை ஓங்கி உதைத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை அல்ல, ஐந்தாறு தடவை. அப்புறம் உள்ளே ஏறி, எஞ்சினைப் போட்டு, முக்கால் மணி நேரம் போகாமல் உட்கார்ந்திருந்தார். அந்த முக்கால் மணி நேரமும் நான் ஜன்னலைவிட்டு நகரவில்லை. மூன்று மார்க்கின் எடை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஜூன் மாதம் கல்லூரி, அவருடைய உதவியாளரைத் தற்காலிகத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. இருபத்தொன்பது வயது, விளையாட்டு நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம், மடியில் எப்போதும் லேப்டாப். அவனை வேலைக்கு எடுத்ததே கோச்தான். கோச்சை மைதானப் பராமரிப்புக்கு மாற்றினார்கள். பகுதிநேர வேலை என்பதால் அதற்குப் பட்டம் தேவையில்லையாம். நூறு டிகிரி வெயிலில் அவர் புல் வெட்டும் வண்டியில் உட்கார்ந்து போவதை என் அறையிலிருந்து பார்ப்பேன். என்னைப் பார்த்தால் கையை உயர்த்துவார். நான் குற்றவாளிபோலக் கையை அசைப்பேன்.

கோடை வகுப்பு என்னுடையது மட்டும்தான். அவர் மறுபடியும் சேர்ந்தார். மறுபடியும் முதல் வரிசை. இந்த முறை சீவிய பென்சில்களோடு ஒரு சிவப்புப் பென்சிலும் இருந்தது. கணக்கைப் படித்ததும், வேறு எதுவும் செய்வதற்கு முன்னால், கண்ணில் படுகிற ஒவ்வொரு மைனஸையும் சிவப்பில் வட்டம் போட்டார். அடுத்த வரி எழுதியதும் அதிலும் வட்டம். அவருடைய தாள் அம்மை போட்ட மாதிரி இருந்தது. ஆனால் ஒரு மைனஸ்கூடத் தொலையவில்லை.

"யார் சொல்லிக்குடுத்தாங்க இத?" என்றேன்.

"யாரும் இல்ல, மேம். புல் வெட்டறப்ப கல்லு இருக்கற இடத்துல எல்லாம் சிவப்புக் கொடி நட்டு வப்பேன். இல்லாட்டி பிளேடு போயிடும்."

பன்னிரண்டு வருடமாகக் கணக்கு கற்பித்தல் மாநாடுகளுக்குப் போய், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, குளிர்ந்த சாண்ட்விச் தின்று நான் சேர்த்த ஞானத்தில் சிவப்புப் பென்சில் இல்லை.

எழுபத்தாறு வாங்கினார். மிச்சமிருந்த ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தையும் மேடைப் பேச்சுப் பாடத்தையும் அடுத்த வருடத்தில் முடித்தார். அதற்குள் லேப்டாப் கோச்சின் அணி நன்றாக ஜெயிக்க ஆரம்பித்திருந்தது. தற்காலிகம் நிரந்தரமாகிவிட்டது. கையில் பட்டத்தோடு வந்தவருக்கு, பந்தெறிகிறவர்களை மட்டும் பார்த்துக்கொள்ளும் துணைப் பயிற்சியாளர் வேலை கொடுத்தார்கள். தான் வேலைக்கு எடுத்த பையனுக்குக் கீழே. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மீது என்று சொல்லத் தெரியவில்லை. பட்டியல் போட்டால் முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும்.

நேராகவே கேட்டுவிட்டேன். "என் மேல கோவமா?"

"முதல் ரெண்டு வாரம் உங்க மூஞ்சிய மனசுல வச்சுத்தான் பந்து எறிஞ்சேன்."

"அப்புறம்?"

"தோள் வலிச்சுது. விட்டுட்டேன்."

பிறகு, "தலைமைன்னா மீட்டிங் நிறைய, மேம். இப்ப அந்தப் பையன் மீட்டிங்குக்குப் போறான். நான் மைதானத்துக்குப் போறேன்" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாரா, என்னைத் தேற்றினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பட்டமளிப்பு விழாவுக்கு அழைத்திருந்தார். கறுப்பு அங்கியில், இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், யாரோ தப்பான வரிசையில் நிறுத்திவிட்ட நீதிபதி மாதிரி இருந்தார். மேடை ஏறியபோது அணிப் பையன்கள் எழுப்பிய சத்தத்தில் டீன் கைகுலுக்க மறந்தார். விழா முடிந்ததும் புல்வெளியில் ஒரு பெண் என்னிடம் நேராக வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கோச்சின் மகள். சுகர் லேண்டிலிருந்து நாலரை மணி நேரம் டிரைவ் பண்ணி வந்திருந்தாள்.

"எங்கப்பாவ ஃபெயில் பண்ணது நீங்கதானே?"

"ஆமாம்" என்றேன். கணவர் அரை அடி தள்ளி நின்றுகொண்டார்.

"போன வருஷம் மே மாசம் இதுக்காக லீவு போட்டு வச்சிருந்தேன். எல்லாத்தையும் கேன்சல் பண்ண வச்சீங்க." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நன்றி சொல்லப்போகிறாள், கட்டிக்கொள்ளப்போகிறாள் என்று என் கண்கள் கலங்கத் தயாராயின. அவள் தன் போனை என் கையில் திணித்தாள். "எங்கள ஒரு ஃபோட்டோ எடுங்க. பின்னால ஸ்கோர்போர்டு தெரியணும்."

எடுத்தேன். பத்துப் படம் எடுத்தும் ஒன்றில்கூட அவர் கண் திறந்திருக்கவில்லை. மகள் ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்துவிட்டு மறுபடியும் எடுக்கச் சொன்னாள். நான் மதிப்பெண் போடும் முறை அவளுக்கும் தெரிந்திருந்தது.

இதற்கிடையில் கணவர் விருந்து மேசையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து வந்து, வளைந்து போகும் பந்தை எப்படிப் பிடிப்பது என்று கோச்சிடம் கேட்டார். கோச் அங்கிக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பழத்தின் மீது அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இருபதடி தள்ளி ஒரு குப்பைத் தொட்டி. கணவர் எறிந்தார். பழம் தொட்டிக்கு ரொம்பத் தூரத்தில், டீனின் காருக்கு ரொம்பப் பக்கத்தில் போய் விழுந்தது.

"எங்க ஊர்ல எறியக் கூடாது, கோச். கைய மடக்காம பௌல் பண்ணணும்" என்று கணவர் ஆங்கிலத்தில் விளக்கினார்.

கோச் தலையசைத்துவிட்டு இன்னொரு பழத்தை எடுத்தார். மகள், "அப்பா, தோள்!" என்று கத்தினாள். அவர் அதற்குள் எறிந்துவிட்டார். பழம் தொட்டியின் விளிம்பில் பட்டுச் சிதறியது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். அப்புறம் மேசையில் இன்னும் எத்தனை பழம் மிச்சம் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார்.